சீமை உளி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குப் பழுது வந்தால் அப்பா ஆசாரியைக் கூட்டிவரச் சொல்வார். அவர் தறிக்குழியின் விளிம்பில் குந்தி, நாடா ஓடும் பலகையை உள்ளங்கையால் தடவுவார். ஒரு சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் பட்டு இழை அறுந்துவிடும். அதற்குக் கண்ணை நம்ப மாட்டார்.

பையில் ஏழெட்டு உளிகள். ஒன்றை மட்டும் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருப்பார். அதன் மேல் பாதி தேய்ந்த ஆங்கில எழுத்து: ஷெஃபீல்டு. "சீமை உளி தம்பி. தாத்தா வாங்கினது. ஒருதரம் தீட்டினா வாரம் முழுக்க நிக்கும். இப்ப சைனாவுல இருந்து வர்றது மத்தியானத்துக்குள்ள மழுங்கிடுது."

அந்தச் சலிப்பை வெகுநாள் நானும் சுமந்தேன். பிறகுதான் தெரிந்தது, 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடே லண்டனில் உட்கார்ந்து ஆராய்ந்தது, இந்தியாவிலிருந்து போன 'ஊட்ஸ்' உருக்கை. அப்படிப்பட்ட உருக்கு செய்த நாட்டில், பின்னாளில் கப்பலேறி வந்த உளிதான் உசத்தி என்று ஆகிவிட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கருவிப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடியபோது அந்த ஊர் புலம்பியது. நம் கொல்லர்களின் உலைகள் அவிந்தபோது புலம்பியது யார் காதில் விழுந்தது?

காஞ்சிபுரம் மட்டும் யோக்கியமா என்றால், நூல் கர்நாடகத்திலிருந்து, சரிகை சூரத்திலிருந்து. புடவையில் எங்கள் ஊருடையது கை மட்டும்தான்.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலோ காற்று எதிர்த்திசையில் அடித்தது. நோக்கியா அங்கே 2006இல் கைபேசி செய்யத் தொடங்கியது. பின்லாந்தின் சாலோ நகரில் இருந்த அதன் ஆலை 2012இல் மூடியது. சாலோக்காரர்களுக்கு நாம்தான் 'சைனா'. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் மூடியது.

ஆசாரி இப்போது இல்லை. மகன் அந்தப் பக்கம் வேறொரு கம்பெனியில் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தறியைப் பார்க்க வந்தார். பேட்டரியில் ஓடும் சைனா டிரில்லால் துளைகளை நிமிஷத்தில் போட்டு முடித்தார். பிறகு வேட்டித் துணியைப் பிரித்து அந்த உளியை எடுத்தார். தீட்டித்தான் வைத்திருந்தார். பலகைமேல் வைத்தவர் தயங்கி அப்பாவைப் பார்த்தார்.

"இழை எங்க உரசும் பெரியப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையைப் பலகைமேல் வைத்து, மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.