சட்டியும் கிட்டாரும்

தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் பாட்டு பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வேப்பூர் நண்பர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். மேடையில் கேட்டதில் பாதிகூட ரெக்கார்டிங்கில் இல்லை என்பது ஒரு கட்சி. பறையும் சட்டி மேளமும் நெஞ்சில் வந்து அடிக்க வேண்டும், ஸ்டுடியோவில் அதை கிட்டாருக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று அவர்களுக்கு ஆதங்கம். மற்ற கட்சிக்கு ரெக்கார்டிங்தான் உசத்தி. கூட்டத்தின் சத்தத்தில் தவறவிட்ட வரிகள் அதில்தான் காதில் விழுகின்றன என்கிறார்கள்.

நான் இந்த இரண்டாவது கட்சி. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் இந்தக் குழுவின் 19 பேர் முதன்முதலாக மேடையேறினார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒன்றாக. அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து பெயர். இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடுகிற குழுவுக்குச் சொல்தான் உயிர். அது தெளிவாகக் கேட்காவிட்டால் தாளம் மட்டும்தான் மிஞ்சும்.

"இது ராக்கே இல்லை" என்பவர்களோடு எனக்குச் சண்டைதான். பறையைச் சாவு வீட்டு வாசலோடு நிறுத்திவைத்த ஊர்கள் நம்முடையவை. அதே பறை இங்கே டிரம்ஸுக்குச் சமமாக நிற்கிறதே! ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவை இந்தக் குழுவின் இசைவாணி பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலிலும் வந்தார். எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் அவர் பாட்டை போனில் போட்டுவிட்டுக் கூடவே சத்தமாகப் பாடுகிறார்கள். மிக்சிங் பற்றி அவர்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. அடுத்த பாட்டு எப்போது வரும் என்றுதான் கேட்கிறார்கள்.