எல்லாருக்கும் கிடைக்காது, யாருக்கும் கிடைக்காது

பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் பள்ளியில் படித்த பையன் ஒருவன் இஸ்ரேலில் ரெஹோவோத் ஊரில் ஆராய்ச்சி செய்கிறான். வெள்ளிக்கிழமையானால் கூப்பிடுவான். எபிரேய மொழி கற்றுக்கொள்கிறான். எனக்கும் நாலு சொல் சொல்லித் தருகிறான். டீச்சருக்கே டியூஷன்!

அதில் 'கோல்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. 'யோம்' என்றால் நாள். 'கோல் யோம்' என்றால் தினமும். 'கோல் ஹயோம்' என்றால் நாள் முழுக்க. 'கோல் ஹயமீம்' என்றால் எல்லா நாட்களும். நடுவில் வரும் 'ஹ' ஆங்கிலத்து 'தி' மாதிரி. ஆங்கிலம் எவ்ரி, ஹோல், ஆல் என்று மூன்று சொல் வைத்துச் செய்வதை, அங்கே ஒரே சொல் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துச் செய்துவிடுகிறது.

அந்த 'ஆல்' என்ற சொல்லோடு 'நாட்' சேர்ந்தால் வம்புதான். 'ஆல் தி ஸ்டூடண்ட்ஸ் டிட் நாட் கம்' என்றால் ஒருவருமே வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? இரண்டு விதமாகவும் எடுக்கலாம். 'நாட்' எதுவரை கை நீட்டுகிறது என்பதுதான் கேள்வி. 'நாட் ஆல்' என்று முன்னால் வைத்தால் தகராறு இல்லை. எபிரேயத்திலும் அப்படியே 'லோ கோல்' என்று முன்னால் வைக்கிறார்கள்.

இது வெறும் இலக்கணம் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி விடுதி அறிவிப்பில் 'ஆல் அப்ளிகண்ட்ஸ் வில் நாட் பி கிவன் ஹாஸ்டல்' என்று போட்டிருந்தார்கள். மூட்டை தூக்கும் ஒரு அப்பாவுக்கு யாரோ அதைப் படித்து, இந்த வருடம் விடுதியே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தினம் போய்வர முடியாத தூரம். "விடுங்க டீச்சர், மாப்பிள்ளை பார்த்துடறேன்" என்றார். கடைசித் தேதிக்கு இரண்டே நாள். தாளை வாங்கிப் பார்த்ததும் புரிந்தது: எழுதியவர் மனதில் இருந்தது 'எல்லாருக்கும் கிடைக்காது' என்ற தமிழ். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியிருக்கிறார். படித்தவரோ 'யாருக்கும் கிடைக்காது' என்று எடுத்துக்கொண்டார். தமிழில் இரண்டும் தனித்தனி வாக்கியம், குழப்பமே வராது. அன்றைக்கே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம், இடம் கிடைத்தது. அந்தப் பெண் இன்று வங்கியில் வேலை பார்க்கிறாள். இதைப் படித்தால் சிரிப்பாள்.

இன்னொன்று. யாரும் வரவில்லை என்பதற்கு எபிரேயத்தில் 'அஃப் எஹாத் லோ பா'. 'அஃப்' என்றால் கூட, 'எஹாத்' ஒன்று, 'லோ' இல்லை, 'பா' வந்தான். அச்சு அசல் நம்ம 'ஒருத்தன்கூட வரவில்லை'! ஆங்கிலத்தில் 'நோபடி' என்றதும் 'நாட்' போடக்கூடாது. 'நோபடி டிட் நாட் கம்' என்று எழுதி என்னிடம் சிவப்பு மை வாங்கியவர்களே, எபிரேயம் படித்திருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

இரட்டித்துச் சொல்வதும் அங்கே உண்டு. நோவாவின் பேழைக்குள் விலங்குகள் போனது 'ஷ்னயிம் ஷ்னயிம்', நம் இரண்டிரண்டாக. நம் 'ஒவ்வொரு' கூட 'ஒரு' இரட்டித்து வந்ததுதானே.

வீட்டுப்பாடம்: 'எவ்ரி பாய் ரெட் எ புக்'. மொத்தம் எத்தனை புத்தகம்? 'ஆளுக்கொரு புத்தகம்' என்று சொல்ல ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்? கீழே போடுங்கள். மதியம் தூங்கி எழுந்து திருத்துகிறேன்.