பட்டியலில் இல்லாத பெயர்

தில்லியில் நமது குடியிருப்பின் எதிர்வீட்டில், இராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டெண்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மகனோடு வாழ்கிறார். வேலூர்ப் பக்கத்தவர். ஞாயிறு மாலைகளில் அவரோடு உரையாடுவது நமது வழக்கம்.

ஒருநாள் 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. திராஸ் பகுதியில் காலாட்படைப் பிரிவு ஒன்றோடு அவர் இணைக்கப்பட்டிருந்தார். இரவில் மலையேறிய வீரர்களின் பின்னே மருந்துப் பையுடன் ஏறிப் பாறை மறைவில் குருதியை அடக்கிக் கட்டுப்போட்டவர். போர் முடிந்தபின் பாராட்டுக்குரியோர் பட்டியல் எழுதினார்கள். அதில் அவர் பெயர் இல்லை.

"கேட்டேன், தம்பி. 'நீ எங்கள் ஆள் இல்லையே, மருத்துவப் படைக்காரன்தானே' என்றார்கள். மருத்துவப் படையிலோ, நேரில் கண்டவர் யாரேனும் எழுதித் தரவேண்டும் என்றார்கள். நான் கட்டுப்போட்டதைக் கண்டவன் மயங்கிக் கிடந்தான். அவனை எங்கே போய்த் தேடுவேன்?"

பதக்கம் கிடைக்காததைவிட, 'எங்கள் ஆள் இல்லை' என்ற சொல்லே அவருக்கு ஆறவில்லை.

ஆறுதலாக இருக்கட்டுமென்று நாம் ஒரு பழைய செய்தியைச் சொன்னோம். 1899இல் போயர் போர் மூண்டபோது, நேட்டாலில் காந்தியடிகள் இந்தியர் மருத்துவ உதவிப் படையைத் திரட்டினார். சுமார் 1,100 பேர். அவர்களுள் 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர். நேட்டாலுக்குச் சென்ற அத்தகைய தொழிலாளருள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. 1900 ஜனவரியில் ஸ்பியன் காப் போரின்போது காயமுற்றோரை நாளொன்றுக்கு 20, 25 மைல் சுமந்தார்கள். போர் முடிவில் பதக்கம் பெற்றவர்கள் படையின் தலைவர்கள். தோள் கொடுத்த தொழிலாளர் அல்லர்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பட்டியல் எழுதுவது உங்களைப் போன்ற எழுத்தர்தானே, தம்பி?" என்றார்.

நமக்கு விடை வரவில்லை. 2021இல் கொரோனாத் தொற்றின்போது இடையறாது பணியாற்றியோரைப் பாராட்ட நமது அலுவலகத்தில் ஒரு பட்டியல் தயாரானது. தட்டச்சு செய்தவர் நாமே. நாள்தோறும் வந்து படிக்கட்டுகளையும் கைப்பிடிகளையும் துடைத்த துப்புரவுப் பெண்கள் நால்வரை நாம் சேர்க்கவில்லை. யாரும் தடுக்கவில்லை; ஒப்பந்தக்காரரின் ஆட்கள், நம் அலுவலகத்தார் அல்லர் என்று நாமே விட்டுவிட்டோம்.

இவ்வாண்டு அதே போன்றதொரு பட்டியல் நமது மேசைக்கு வந்தது. எழுந்து படிக்கட்டருகே சென்றோம். அந்நால்வருள் ஒருவரே இன்னும் பணியில் இருக்கிறார். இத்தனை ஆண்டுகளாய்க் கேட்டறியாத அவர் பெயரைக் கேட்டோம். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்மேல் ஏதாவது புகாரா?" என்று இந்தியில் கேட்டார்.

பெயரைக் கேட்பது புகார் எழுதத்தான் என்று அவருக்கு நாமல்லவா கற்பித்திருக்கிறோம்! இல்லையம்மா என்று சொல்லி, அவர் பெயரை முதலாவதாக எழுதினோம். ஏற்பது மேலிடத்தின் விருப்பம். விடாமல் எழுதுவது நமது கடமை.