அவிழ்க்கத் தெரிந்தவன் கட்டட்டும்!

தமிழில் ‘கட்டு’ மாதிரி உழைக்கிற சொல் வேறு கிடையாது. வீடு கட்டுகிறோம், வேட்டி கட்டுகிறோம், ஃபீஸ் கட்டுகிறோம், சீட்டுக் கட்டுகிறோம், காயத்துக்குக் கட்டுப் போடுகிறோம். இத்தனையும் கட்டி முடித்து மூச்சு விடுவதற்குள், “எப்படா ஒருத்தியைக் கட்டிக்கப் போறே?” என்று அத்தை கேட்கிறாள். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிற சமாசாரத்துக்குப் பெயரும் கட்டுரைதான்.

ஜப்பானியர்களுக்கு ‘ஷிபாரி’ அந்த மாதிரி. கட்டுதல் என்று அர்த்தம். பார்சலைக் கட்டினாலும் பழைய பேப்பரைக் கட்டினாலும் அதே சொல்தான். ஆனால் ஜப்பானுக்கு வெளியே அது ஒரே ஓர் அர்த்தத்தில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. வயது வந்த இருவர், இருவருக்கும் இஷ்டமிருந்து, ஒருவர் மற்றவரைக் கயிற்றால் கட்டுவது. இதற்கே கொஞ்சம் விறைப்பாக ‘கின்பாகு’ என்று இன்னொரு பெயரும் உண்டு. இறுக்கிக் கட்டுதல் என்று பொருள்.

பஸ்ஸில் படிப்பவர்கள் பக்கத்தை மூட வேண்டாம். பக்கத்து ஸீட்காரர் எட்டிப் பார்த்தாலும் உங்கள் மானம் போகாத அளவுக்குத்தான் எழுதப் போகிறேன்.

ஜப்பானுக்கும் கயிற்றுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. அந்த நாட்டின் கற்காலத்துக்கே ‘ஜோமோன்’, அதாவது கயிற்றுத் தடம், என்றுதான் பெயர். ஈர மண்பானை மேல் முறுக்கிய கயிற்றை அழுத்திக் கோலம் போட்டிருக்கிறார்கள், பத்தாயிரம் வருஷத்துக்கும் முன்னால். ஷின்டோ கோயில்களில் இது தெய்வத்தின் இடம் என்று காட்ட வைக்கோல் கயிறு கட்டுகிறார்கள். இஸுமோ கோயிலில் தொங்குகிற கயிறு சுமார் 13 மீட்டர் நீளம், 5 டன் எடை. சுமோ மல்யுத்தத்தில் உச்சப் பட்டம் ‘யோகோஸுனா’. அதற்கு அர்த்தமே குறுக்குக் கயிறு. பட்டம் பெற்ற மாமிச மலை, இடுப்பில் தடிமனான வெள்ளைக் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேடைக்கு வரும்.

இது சாமி கயிறு. போலீஸ் கயிறு என்று இன்னொன்று இருந்தது. 1603-லிருந்து 1868 வரை நடந்த எடோ ஆட்சியில் கைதியைக் கட்டுவதற்கென்றே ‘ஹோஜோஜுட்ஸு’ என்று ஒரு கலை. ஸாமுராயை ஒரு மாதிரி, விவசாயியை ஒரு மாதிரி, சாமியாரை ஒரு மாதிரி கட்ட வேண்டும். ஆளைக் கட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தே அவன் அந்தஸ்தும் செய்த குற்றமும் தெரிந்துவிடும், நம் ஆபீஸில் நாற்காலியின் உயரத்தைப் பார்த்து கிரேடு சொல்வது போல. முடிச்சு விழுந்தால் அவமானம் என்பதால், குற்றம் நிரூபணமாகாதவனை முடிச்சே போடாமல் சுற்றி மட்டும் பிடித்த பள்ளிகளும் உண்டு. ரொம்ப நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே காலத்தில் கயிற்றில் தொங்கவிட்டு விசாரிப்பதும் சட்டபூர்வமான சித்திரவதையாக இருந்தது.

கயிறு நாடகத்திலும் ஏறியது. 1757-ல் பொம்மலாட்டமாக அரங்கேறி, பிறகு கபுகி மேடைக்கு வந்த ஒரு நாடகத்தில் யூகி என்கிற இளவரசியைச் செர்ரி மரத்தில் கட்டிப்போடுகிறான் வில்லன். ஓவியர் பரம்பரையில் வந்தவள். கை கட்டியிருந்தால் என்ன, கால் இருக்கிறதே! உதிர்ந்து கிடக்கும் பூக்களைக் கால்விரலால் கூட்டி எலியை வரைகிறாள். எலி உயிர் பெற்று வந்து கயிற்றைக் கடித்து விடுகிறது. ஹீரோ வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கவில்லை, கவனியுங்கள்.

இந்தக் கயிற்றைப் போலீஸிடமிருந்தும் நாடகத்திடமிருந்தும் வாங்கிப் படுக்கையறைப் பக்கம் திருப்பியதில் முக்கியமானவர் இட்டோ ஸெய்யு (1882-1961) என்கிற ஓவியர். எடோ காலத்துத் தண்டனைகளை ஆராய்ந்து, ஆட்களை வைத்துக் கட்டிப் பார்த்து வரைந்தார். யுத்தத்துக்குப் பிறகு 1947-ல் ஆரம்பித்த ‘கிட்டான் கிளப்’ என்கிற பத்திரிகை இதற்கென்றே வாசகர்களைச் சேர்த்தது. அதில்தான் 1962 வாக்கில் டான் ஒனிரோகு ‘பூவும் பாம்பும்’ தொடரை எழுத ஆரம்பித்தார். 1974-ல் அது சினிமாவாகவும் வந்தது. இந்தக் கதைகளில் ஓர் அம்சம் பொது. கட்டுப்படுகிற பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கதையில் மட்டும் பார்த்துவிட்டுக் கயிறு வாங்கக் கடைக்குக் கிளம்புகிறவர்களுக்காகத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

2016-ல் கம்பெனி வேலையாக ஆறு மாதம் டோக்கியோவில் இருந்தேன். அடுத்த அறையில் ஓர் ஆஸ்திரேலிய இளைஞர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “ஆரம்ப வகுப்பு ஒண்ணு இருக்கு, இங்கிலீஷ்லயும் சொல்லித் தருவாங்க. நீயும் வாயேன், சும்மா உக்கார்ந்து பார்க்கலாம்” என்றார். எழுத்தாளனுக்கு எல்லாமே ஆராய்ச்சிதானே என்று மனசாட்சிக்கு மெமோ அனுப்பிவிட்டுப் போனேன்.

சிவப்பு விளக்கு, ஊதுவத்தி, தோல் உடுப்பு என்றெல்லாம் கற்பனை செய்திருந்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி ட்யூப்லைட் வெளிச்சம். தரையில் பாய். டீச்சர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, மூக்குக் கண்ணாடி. மாணவர்கள் நாலு ஜோடி, எல்லோரும் ட்ராக் பேன்ட்டும் டி-ஷர்ட்டும். கடைசி வரை அப்படியேதான் இருந்தார்கள்.

முதல் முக்கால் மணி நேரம் கயிறே கண்ணில் படவில்லை. கேள்விகள்தான். தோள்பட்டை, முதுகு, முழங்கால் எப்படி? சுகர் உண்டா, பி.பி. உண்டா? சாப்பிட்டாயிற்றா, குடித்திருக்கிறீர்களா? குடித்திருந்தால் டீயைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எங்கே தொடலாம், எங்கே கூடாது? எல்.ஐ.ஸி. மெடிக்கலில்கூட இத்தனை கேட்கமாட்டார்கள்.

ஜோடிகளில் ஒன்று, ரிட்டயராகிற வயதில் இருந்த தம்பதி. தோள்பட்டை என்றதும் அந்தம்மாள், “இடது பக்கம் வலிக்கும். மேலே தூக்க முடியாது” என்றார். கணவர் திரும்பிப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். மூணு வருஷமாக என்று பதில். டீச்சர் எதுவும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். அந்த மனிதர் மட்டும் ரொம்ப நேரம் மனைவியின் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ட்ராஃபிக் பாடம். பச்சை என்றால் தொடரலாம். மஞ்சள் என்றால் நிதானி, என்னவென்று கேள். சிவப்பு என்றால் அந்தக் கணமே நிறுத்தி அவிழ். மஞ்சள் விழுந்தவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது கொஞ்சம் சிரமமான பாடம்தான்.

ஒரு வழியாகக் கயிறு வந்தது. 6 மில்லிமீட்டர் தடிமன், ஏழெட்டு மீட்டர் நீளம். சணல்! மூலச்சரக்கு நம் வங்காளத்துப் பக்கத்தது. உலகச் சணலில் பெரும்பகுதி இந்தியாவிலும் பங்களாதேஷிலும்தான் விளைகிறது. நம்மூரில் கோணிப்பையாகிற நாரை அங்கே மென்மையாக்கி, சிலும்பியிருக்கிற மயிரிழைகளை நெருப்பில் காட்டிப் பொசுக்கி, எண்ணெய் தடவிக் குழந்தை மாதிரி வளர்க்கிறார்கள். நைலான் கயிறு வழுக்கும், முடிச்சு நழுவும் என்பதால் சணலுக்கே மவுசு.

முதல் பாடம் மணிக்கட்டு. கயிற்றை இரண்டாக மடித்து நடுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுற்று, பட்டையாக. பிறகு ஒரு முடிச்சு. இழுத்தால் மேலும் இறுகுகிற சுருக்குக்கு இங்கே அனுமதியே கிடையாது. எவ்வளவு இழுத்தாலும் போட்ட அளவிலேயே நிற்க வேண்டும். முடித்த பிறகு கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். மாணவர்கள் முதலில் நாற்காலிக் காலில் போட்டார்கள். அப்புறம் அவரவர் தொடையில். அதற்கப்புறம்தான் ஜோடி.

எனக்கு ஜோடி இல்லை. டீச்சர் என்னிடம் வந்து, கட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அந்த ஊரில் கற்ற இருபது சொற்களில் ஒன்றை எடுத்துவிட்டேன்: “தைஜோபு.”

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். “அப்படின்னா வேணுமா, வேண்டாமா?”

விஷயம் இதுதான். ‘தைஜோபு’ என்றால் சரி என்றும் அர்த்தம், வேண்டாம் என்றும் அர்த்தம். அச்சு அசலாக நம்ம ‘பரவாயில்லை’! விருந்தாளியிடம் காபி சாப்பிடறீங்களா என்று கேட்டால் “பரவால்ல” என்பார். கொடுப்பதா, கூடாதா? நாம் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்வோம். பாதி நேரம் நமக்குச் சௌகரியமான முடிவாக.

“இந்தப் பாயில் உட்கார்ந்தால் அந்தச் சொல் கிடையாது. ஆமாம் இருக்கு, இல்லை இருக்கு” என்றார் டீச்சர். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மூரில் ஒரு வசனம் இருக்கிறதே, அதற்கு நேர் எதிர். அங்கே மௌனம் என்றால் மஞ்சள் விளக்கு.

ஆமாம் என்று தெளிவாகச் சொன்னேன். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினார். வலி இல்லை. ஆனால் ஸார், மூக்கு அரித்தது! உலகத்திலேயே மிகச் சின்ன உபத்திரவம். இன்னொருவர் மனசு வைத்தால்தான் அது தீரும் என்று தெரிந்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. அடுத்தவர் கையில் இருப்பது என்றால் என்ன என்று அந்த ஐந்து நிமிஷத்தில் விளங்கியது. அவர் என் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார், மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னார், மரத்திருக்கிறதா என்று கேட்டார். கட்ட ஆன நேரத்தைவிட இந்த விசாரிப்புக்கு ஆன நேரம் அதிகம். கட்டுவதற்கு முன் ஒரு தரமாவது கட்டப்பட்டுப் பாருங்கள் என்பது அவர் எல்லோருக்கும் சொன்ன சிபாரிசு.

ஆரம்பக்காரர்களுக்கு அவர் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

1. கழுத்தில் கயிறு கிடையாது. விளையாட்டுக்குக்கூடக் கிடையாது. இதற்கு விதிவிலக்கு சொல்பவனிடம் கயிற்றைக் கொடுக்காதீர்கள்.

2. மேல்கையின் வெளிப்பக்கம், முழங்கையின் உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் - இங்கெல்லாம் நரம்பு தோலுக்கு ரொம்பக் கிட்டே ஓடுகிறது. மேல்கை நரம்பு அழுந்தினால் மணிக்கட்டு துவண்டு தொங்கிவிடும். போதையில் நாற்காலிக் கைப்பிடியில் கையைத் தொங்கப் போட்டுத் தூங்குகிறவர்களுக்கும் வருவதுதான். டாக்டர்களே இதை ‘சனிக்கிழமை ராத்திரி வாதம்’ என்கிறார்கள். குணமாக வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள்.

3. மரத்துப்போனாலோ, மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் என்றாலோ, விரல் அசைய மறுத்தாலோ உடனே அவிழ்க்கவும். இன்னும் ரெண்டே நிமிஷம் என்கிற பேச்சு வேண்டாம்.

4. முனை மழுங்கிய நல்ல கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கயிறு போனால் வேறு கயிறு.

5. கட்டியவரைத் தனியாக விட்டுவிட்டு அறையை விட்டு நகரக் கூடாது. காலிங் பெல் அடித்தாலும் சரி.

6. படத்தில் பார்த்த மாதிரி ஆளைத் தொங்கவிடுவது வருஷக்கணக்கில் பழகினவர்கள் சமாசாரம். அவர்களுக்கே அடிபடுகிறது. நீங்கள் தரையிலேயே இருங்கள்.

இந்த ஆறையும்விடக் கஷ்டமானது கேட்பதுதான். சம்மதம் என்பது ஒரு தரம் கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் செல்லுபடியாகிற பாண்டு பத்திரம் அல்ல. கலை என்று பெரிய பெயர் வைத்துக்கொண்டாலும் இது மாறாது. கயிற்றால் கட்டிய பெண்களின் படங்களால் உலகப் புகழ் பெற்ற புகைப்படக்காரர் நொபுயோஷி அராகி. அவருக்கு 2001-லிருந்து 2016 வரை மாடலாக இருந்த காவோரி, 2018-ல் பகிரங்கமாக எழுதினார். எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது, படங்கள் எங்கே எப்படி வெளியாகின்றன என்று தன்னைக் கேட்கவில்லை என்பது அவர் புகார். படங்களை அருங்காட்சியகங்களில் நின்று ரசித்தவர்கள், கட்டுப்பட்டவர் என்ன நினைக்கிறார் என்பதைப் பதினேழு வருஷத்துக்குப் பிறகு கேட்டுக்கொண்டார்கள்.

வகுப்பின் கடைசிப் பாடம் அவிழ்ப்பது. அவிழ்த்தால் போச்சு என்று நினைத்தேன். இல்லை. கயிற்றைச் சரசரவென்று உருவினால் தோல் எரியும். கட்டின அதே நிதானத்தில், ஒவ்வொரு சுற்றாக, கையைத் தாங்கிப் பிடித்து அவிழ்க்க வேண்டும். தடம் பதிந்த இடத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். தண்ணீர் கொடுத்துச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வயதான தம்பதியைப் பார்த்தேன். கணவர் இடது கைக்குக் கயிறே போடவில்லை. வலது மணிக்கட்டில் ஒரே ஒரு கட்டுப் போட்டு, அதை அவிழ்க்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

உங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஜன்மத்தில் கயிற்றைத் தொடப் போவதில்லை. வேண்டாம். ஆனால் அடுத்த தடவை வீட்டில், “சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட போய்ட்டு வரட்டுமா?” என்று கேட்டு, “பரவால்ல, போங்க” என்று பதில் வந்தால், செருப்பை மாட்டிக்கொள்வதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

அது மஞ்சள் விளக்கு, ஸார்!