முகமில்லாத இருவர்

'ஆபாசம்' என்ற சொல்லை நாம் மிக இலகுவாகப் பாவிக்கிறோம். ஒரு படத்தை, ஒரு கவிதையை, சில வேளை ஒரு பெண்ணின் நடையைக்கூட அந்த ஒரு சொல்லால் மூடிவிடுகிறோம். அப்போதெல்லாம் எனக்கு ஒரு கல் ஞாபகம் வரும்.

பெத்லஹேமுக்கு அருகிலுள்ள ஐன் ஸக்ரி குகைப் பகுதியிலிருந்து வந்த கூழாங்கல் அது. உயரம் சுமார் 10 சென்ரிமீற்றர். வயது ஏறத்தாழ 11,000 ஆண்டுகள். 1933இல் ரெனே நெவில் என்ற பிரெஞ்சு இராஜதந்திரி பெத்லஹேமில் ஒரு சிறு நூதனசாலையில் அதை இனங்கண்டார். இப்போது லண்டனில், பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது.

இருவர் எதிரெதிரே அமர்ந்து, கைகால்களால் ஒருவரையொருவர் தழுவிக் கூடியிருக்கின்றனர். இத்தகைய காட்சியைக் காட்டும் சிற்பங்களில் நாமறிந்த மிகப் பழையது இதுவே. முகங்கள் இல்லை. எவர் ஆண், எவர் பெண் என்றும் சொல்ல முடியாது. கல்லைத் திருப்பத் திருப்ப அது ஆண்குறியாகவும், இரு முலைகளாகவும், பெண்குறியாகவும் தோற்றம் மாறுகிறது. படங்களில் மட்டுமே பார்த்த எனக்கும் இந்த விந்தை பிடிபட்டது.

அதைச் செய்தவர்கள் நத்தூபியர். மான் வேட்டையாடி, காட்டுத் தானியம் அறுத்து, ஓரிடத்தில் தங்கி வாழத் தொடங்கியவர்கள். அதனால் இது 'வளச் சடங்கு'க்கு உரியது என்பார் உளர். இருக்கலாம். ஆனால் இக்கல்லில் குழந்தையுமில்லை, கதிருமில்லை. தழுவல் மட்டுமே உண்டு. 'வளம்' என்பதும் சில வேளை நமது கூச்சத்துக்கு நாம் போர்த்தும் கண்ணியமான போர்வைதானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒஸ்ட்ரியாவில் 1908இல் கிடைத்த வில்லண்டோர்ப் பெண்ணுருவுக்கு ஏறத்தாழ 30,000 வயது. அதன் படத்தை முகநூல் நிறுவனம் நிர்வாணமென்று நீக்கியது. 2018இல் வியன்னா நூதனசாலை கண்டித்த பிறகு மன்னிப்புக் கேட்டது. ஜேர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் கிடைத்த, 28,000 ஆண்டுப் பழைமையான கல்லாலான ஆண்குறியிலோ, தீக்கற்களைத் தட்டிய தழும்புகள் உள்ளன. அம்மனிதர்களுக்கு அது கைக்கருவியாகவும் இருந்திருக்கிறது!

"இதையெல்லாம் சஞ்சிகையில் எழுதத்தான் வேண்டுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தரங்கம் வேறு, ஆபாசம் வேறு என்பதே எனது பதில். ஐன் ஸக்ரி கல் ஊர் பார்க்க நிறுத்திய சிலையல்ல. ஒரு கைக்குள் அடங்குவது. மறைவாக வைத்துக்கொள்வதற்கு ஒன்றை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. நாமோ இவ்விரண்டையும் குழப்பி, நம் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றிய அச்சத்தை மட்டுமே கற்றுக்கொடுக்கிறோம்.

உலோகம் அறியாத காலம். கல்லைக் கல்லால் கொத்தி, அந்தத் தழுவலை ஒருவர் பொறுமையாக உருவாக்கியிருக்கிறார். இழிவென்று எண்ணிய ஒன்றுக்காக அவர் அத்தனை பாடுபட்டிருப்பாரென்று என்னால் நம்ப முடியவில்லை.