பனாட்டுப் பாயும் படப்பெட்டியும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் விடியற்காலையிற் பிரயாணஞ் செய்வது ஒரு தனி இன்பம். நல்லூரைக் கடந்து கோப்பாய், நீர்வேலி என்று செல்லும்வரை இருமருங்கும் செம்மண் தோட்டங்கள். வாழைகள் வரிசை வரிசையாக நின்று வரவேற்கும். வற்றாத ஆறு ஒன்றும் ஓடாத இக் குடாநாட்டில், கிணற்று நீர் ஒன்றையே நம்பி இத்துணைப் பசுமையை வளர்த்த உழவனை வியந்துகொண்டிருக்கும்போதே புத்தூரும் ஆவரங்காலும் பின்னே போய்விடும். அப்புறம் சட்டென்று வல்லை வெளி. மரமில்லை, மனையில்லை; வானமும் வெட்டவெளியுமே உண்டு. தொண்டைமானாற்றுக் கடனீரேரியைக் கடக்கும் பாலத்தின் மேல் உப்புக் காற்று வந்து முகத்தில் மோதும். வலிகாமம் முடிந்தது, வடமராட்சி தொடங்கியது என்பதை அக் காற்றே அறிவித்துவிடும்.

சென்ற ஆவணி மாதத்தில், நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்கென உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் திரண்டிருந்த நாட்களில், நான் அவ்வழியே சென்றேன். திருவிழாக் காலத்தில் நல்லூருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் தங்கையின் மகன், சிறு வியாபாரிகளுக்கு இரண்டு நிமிட விளம்பரக் காணொளிகள் எடுத்துக் கொடுத்துப் பிழைக்கின்றவன். தையற்கடையாயினும் பலகாரக்கடையாயினும் அவனுக்கு ஒன்றே. ஒரு கைத்தொலைபேசி, ஒரு முக்காலி, ஒரு சிறு ஒலிவாங்கி: இவையே அவனுடைய கலைக்கூடம். அன்று பனம்பண்டம் செய்யும் ஒரு குடிசைத் தொழிலைப் படம் பிடிக்கச் சென்றான். விளக்கவுரை எழுதுவதற்கு, இளைப்பாறிய தமிழாசிரியனாகிய என்னையும் உடன் அழைத்துச் சென்றான்.

சவர்க்காரமும் பனை விதையும்

யாழ்ப்பாணத்துக்குப் படப்பெட்டி புதிதன்று. 1972ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குத்துவிளக்கு’, 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பொன்மணி’ ஆகிய திரைப்படங்கள் இம் மண்ணையும் இம் மக்களையும் திரையிற் காட்டின. விளம்பரமும் புதிதன்று. யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ‘மில்க்வைற் செய்தி’ என்று ஓர் இதழை வெளியிட்டுச் சமயமும் தமிழும் பரப்பிய நிறுவனம் அது. அதனை நடத்திய கனகராசா அவர்கள் பனை விதை நடும்படி ஊர் மக்களை ஊக்கியவர். சவர்க்காரம் விற்பவர் பனையை வளர்த்தார்! ஊருக்கு உதவியாக எதையாவது செய்து, அதன் வழியே தம் பெயரை நிலைநாட்டுவதே அக் காலத்து விளம்பர முறையாக இருந்தது.

அன்று ஒரு சிறு வியாபாரி படம் எடுத்து விளம்பரம் செய்வது கனவிலும் நடவாத காரியம். இன்றோ ஒரு தொலைபேசி போதும். பருத்தித்துறைக்கு அருகே ஒரு முற்றத்தில் எடுத்த படத்தை, அன்று மாலையே ரொறன்ரோவில் உள்ளவர் பார்க்கிறார். இந்த வசதியே எங்கள் பிரயாணத்திற்கும் காரணமாயிற்று. அங்கு எழுந்த வழக்கிற்கும் காரணமாயிற்று.

விழாத பழம்

பருத்தித்துறையிலிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்குச் செல்லும் வழியோரத்தில், பனங்கூடல்கள் சூழ்ந்த ஊர் ஒன்று. மண்ணெல்லாம் வெண்மணல். போர்க்காலத்திற் காவலரண்களுக்காகக் குடாநாடெங்கும் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. அந்த ஊரிலும் அடிக்கட்டைகளின் நடுவே இப்போது வடலிகள் தலைதூக்கி நிற்கின்றன.

எங்களை வரவேற்ற அம்மையாருக்கு அறுபது வயதிருக்கும். கணவரை இழந்தவர். அயலிலுள்ள ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பனாட்டு, பனங்கட்டி, புழுக்கொடியல் மூன்றையும் செய்து விற்கிறார். இத் தொழிலை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

“தொண்ணூறாம் ஆண்டுகளிலை சாமானெல்லாம் தடை ஐயா. சவுக்காரத்துக்கும் வழியில்லை. அம்மா பனம்பழத்தைப் போட்டுத்தான் உடுப்புத் தோய்ச்சவ. மிஞ்சின பழத்தைப் பிழிஞ்சு பாயிலை ஊத்தினவ. அதுதான் நான் படிச்ச பள்ளிக்கூடம்” என்றார்.

மில்க்வைற் நினைவோடு வந்த எனக்கு அவ்வார்த்தை நெஞ்சைத் தொட்டது. சவர்க்காரம் விற்றவர் பனையை வளர்க்கச் சொன்னார். சவர்க்காரம் இல்லாதுபோன காலத்தில் அந்தப் பனையே சவர்க்காரமுமாயிற்று.

மருமகன் முதலில், பனம்பழம் மரத்திலிருந்து விழும் காட்சியைப் பிடிக்க விரும்பினான். முக்காலியை நிறுத்தி, அண்ணாந்து பார்த்தபடி ஒரு மணி நேரம் காத்திருந்தான். பழம் அசையவில்லை. தேநீர் அருந்தத் திரும்பிய கணத்தில் ‘தொப்’பென்று விழுந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். இங்கே காகமும் இல்லை, படமும் இல்லை! அம்மையார் சிரித்துக்கொண்டே பழத்தை எடுத்துவந்தார். “விடிய முன்னம் வந்திருக்க வேணும் தம்பி. மாடு தின்ன முன்னம் நாங்கள் பொறுக்கிப்போடுவம்” என்றார்.

வழக்கு

வழக்கு அதன் பின்னரே தொடங்கியது. ரொறன்ரோவில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர், மூன்று பண்டங்களும் செய்யப்படும் முறையைப் படத்திற் காட்டினால் மூன்றையும் பெருந்தொகையாக வாங்குவதாகச் சொல்லியிருந்தார். திருவிழா முடியுமுன் படம் போய்ச் சேரவேண்டும். ஆறு பெண்களின் மார்கழி மாதத்துக் கூலி அந்தப் படத்திலே தங்கியிருந்தது.

ஆனால் பனைக்கு ஒரு நாட்காட்டி உண்டு. பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய முட்டியிற் கருப்பநீர் இறக்கிக் காய்ச்சிப் பனங்கட்டியாகக் குட்டானில் வார்ப்பதற்குப் பங்குனி சித்திரையே நல்ல காலம். பழம் விழுவது ஆடி ஆவணியில். பழத்தைப் பிழிந்தெடுத்த விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண் மூடினால், மாரி மழையில் முளைவிட்டுத் தையிலே கிழங்காகும். கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பனையின் ஓராண்டை ஒரே நாளிற் படம்பிடிக்க வேண்டும் என்பது கடைக்காரர் கேள்வி!

மருமகன் வழி கண்டுபிடித்தான். “அன்ரி, ஒரு தாச்சியிலை சீனித்தண்ணியைக் கொதிக்க வைப்பம், படத்திலை கருப்பநீர் மாதிரித்தான் தெரியும். போன தையிலை காயவைச்ச ஒடியலை மண்ணுக்கை தாட்டுப்போட்டுக் கிண்டி எடுப்பம். தூரத்திலை இருந்து எடுத்தால் ஒருத்தருக்கும் விளங்காது” என்றான்.

வாசகர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நானும் தலையசைத்தேன். பண்டங்கள் உண்மையானவை, செய்முறையும் உண்மையானது, காலத்தை மட்டும் சற்று மாற்றினால் என்ன குற்றம் என்றே எனக்கும் பட்டது. சீனித்தண்ணீருக்கு ஏற்ப ஓர் அழகிய வாக்கியத்தைக்கூட எழுதிவிட்டேன்.

அம்மையார் சம்மதிக்கவில்லை. கோபப்படவுமில்லை.

“தம்பி, அங்கை அந்தக் கடைக்குப் போறவை ஆர்? எங்கடை ஆக்கள்தானே. பனைக்குக் கீழை பிறந்து வளர்ந்தவை. ஆவணியிலை ஆரடா கிழங்கு கிண்டினது எண்டு ஒரு கிழவி கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்லுறது? ஒண்டு பொய்யெண்டு கண்டால், மெய்யான பனாட்டையும் பொய்யெண்டுதான் நினைப்பினம்.”

மருமகன் விடவில்லை. அவன் படக்கலை படித்தவன். “உலகத்திலேயே முதன்முதல் காட்டின படமும் சோடிச்சு எடுத்ததுதான் மாமா” என்று என்னைத் துணைக்கு அழைத்தான். அவன் சொன்னதில் உண்மை உண்டு. 1895ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லூமியேர் சகோதரர்கள், லியோன் நகரில் இருந்த தங்கள் சொந்தத் தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியேறுவதைப் படம் பிடித்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 28ஆந் தேதி பாரிஸில் கட்டணம் பெற்றுக் காட்டிய முதற் காட்சியில் அதுவும் இடம்பெற்றது. உலகின் முதற் சலனப்படங்களுள் ஒன்றே ஒரு தொழிலகத்தின் வாயிலைக் காட்டியது! அப் படத்துக்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. அதாவது ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நடிக்கச் செய்து எடுத்திருக்கிறார்கள்.

அம்மையாருக்கு இதனை நான் விளக்கினேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “அந்தச் சனம் உண்மையிலை அங்கை வேலை செய்ததோ ஐயா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “வாசலும் அவையின்ரை வாசல்தானே?” அதற்கும் ஆம் என்றேன். “பிறகென்ன! திரும்ப நடக்கச் சொன்னால் நானும் நாலுதரம் நடப்பன். சீனித்தண்ணியைக் கருப்பநீர் எண்டு மட்டும் சொல்லமாட்டன்” என்றார்.

நாற்பதாண்டு தமிழ் படிப்பித்த எனக்கு அப்பொழுதுதான் வேறுபாடு விளங்கிற்று. அழகுக்காகச் சீர்செய்வது வேறு. இல்லாததை உண்டென்பது வேறு. எழுதிய வாக்கியத்தை வெட்டிவிட்டேன்.

ஒரு முற்றத்திற் பத்து நாட்கள்

மருமகனுக்கு இன்னுமொரு தடையிருந்தது. பனாட்டும் ஒரு நாளில் ஆவதில்லை. பழத்தைக் கழுவித் தோலுரித்துச் சிறிது நீர் விட்டுப் பிசைந்து, தும்பிலிருந்து களியைப் பிரித்து வடித்து, பரணின் மேல் விரித்த பனையோலைப் பாயில் ஊற்றவேண்டும். அது வெயிலிற் காய்ந்தபின் அதன்மேல் மறுநாள் இன்னொரு படை. இப்படிப் படைமேற் படையாகப் பத்து நாளுக்குக் குறையாமல் வார்த்து உலர்த்திய பின்பே, உரித்தெடுத்துத் துண்டு போடலாம்.

“பத்து நாளுக்கு நான் எங்கை போறது?” என்று தலையில் கை வைத்துக்கொண்டான் மருமகன்.

அம்மையார் எங்களைப் பின்முற்றத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே பரண்கள் வரிசையாக நின்றன. முதற் பாயில் அன்று காலை ஊற்றிய களி ஈரம் மாறாத மஞ்சளாய் மினுங்கியது. அடுத்ததில் இரண்டாம் நாட் படை; அதற்கப்பால் நாலாம் நாள்; அப்படியே செல்லச் செல்ல நிறம் கறுத்துச் செம்பாகி, கடைசிப் பாயில் உரித்தெடுக்கத் தயாரான பனாட்டுத் தோல்போல் தடித்துக் கிடந்தது. பத்து நாட்களும் ஒரே முற்றத்தில் பக்கம் பக்கமாகக் காய்ந்துகொண்டிருந்தன!

மருமகனின் முகம் மலர்ந்தது. தொலைபேசியைக் கையிலேந்தி, முதற் பாயிலிருந்து கடைசிப் பாய்வரை மெல்ல நடந்தான். ஒரே நடை, வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. கடைசிப் பாயருகே அம்மையார் பனாட்டை உரிக்க, அந்த ஓசையும் பதிவாயிற்று.

பிழிந்தபின் எஞ்சிய விதைகள் ஒரு மூலையிற் குவிந்திருந்தன. ஒரு பழத்துக்குப் பொதுவாக மூன்று விதைகள். முந்தி விழுந்த பழங்களின் விதைகளைப் பெண்கள் பாத்தியில் அடுக்கி மணலிட்டு மூடினார்கள். அதையும் படம் பிடித்தான். அந்நேரம் அவ்வழியே வந்த முதிய மரமேறுந் தொழிலாளி ஒருவரை, ஒருமுறை ஏறிக் காட்டும்படி வேண்டினோம். “பாளையில்லாத மரத்திலை ஏறி என்னத்தை இறக்கிறது ராசா? பங்குனியிலை வா, கருப்பநீரும் தாறன், படமும் எடு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

படத்தின் இறுதிக்கு நான் எழுதிய விளக்கவுரை இரண்டே வாக்கியம்: “இது ஆவணி, ஆகையால் பனாட்டைக் காட்டினோம். மண்ணுக்குள் வைத்த விதையைத் தையிலே காட்டுவோம்.”

தை பிறந்தது

உண்மை சொன்னவுடன் செல்வம் கொட்டிவிட்டது என்று கதை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. கடைக்காரர் பனாட்டு மட்டும் கேட்டு எழுதினார். மற்றவற்றைப் பார்த்தபின் சொல்வதாக நிறுத்திக்கொண்டார். ஆறு பெண்களுள் இருவருக்கு மார்கழியில் வேலை குறைந்தது. அம்மையார் அதைப்பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அயலவர் சொல்லியே அறிந்தோம்.

தைப்பொங்கல் முடிந்த மறுவாரம் மீண்டும் வல்லை வெளியைக் கடந்தோம். மாரி மழை நிறைத்துவிட்டுப்போன நீர் இருபுறமும் தளும்பியது. வலசை வந்த பறவைகள் வெண்புள்ளிகளாய் நின்றன. முற்றத்திற் பரண்கள் இல்லை. நாங்கள் படம்பிடித்த அதே பாத்தியை அம்மையார் கிண்டினார். மணல் நெகிழ்ந்து கொடுக்க, கிழங்குகள் நேராக, நீளமாக வெளிவந்தன. மருமகன் ஆவணிக் காட்சியையும் தைக் காட்சியையும் அடுத்தடுத்து வைத்துப் படத்தை நீட்டினான். விதையை மூடிய கை, கிழங்கை எடுத்த கை. இரண்டும் ஒரே கை என்பதைப் பார்ப்பவர் தாமே காண்பர். அப் படத்தைக் கண்டபின் புழுக்கொடியலுக்கும் ரொறன்ரோவிலிருந்து கேள்வி வந்தது. பனங்கட்டிக்குப் பங்குனிவரை பொறுத்திருக்கச் சம்மதமாம்.

இன்று கையிலொரு தொலைபேசியுள்ள எவரும் விளம்பரகாரரே. எதையும் எப்படியும் காட்டிவிடலாம் என்னும் காலத்தில், சிறு வியாபாரிக்குப் பெரிய கொம்பனிகளிடமில்லாத ஒரு முதல் உண்டு: அவன் முற்றத்துக்குப் போய் எவரும் பார்க்கலாம். அந்த முதலைப் படத்துக்காக இழந்துவிட்டால் பின்னர் எந்தப் படமும் அதனை மீட்டுத் தராது.

மாணவ நண்பர்கள் விடுமுறையில் வடமராட்சிப் பக்கம் செல்வதானால் ஆவணியில் ஒருமுறை செல்லுங்கள். தையில் இன்னொருமுறை செல்லுங்கள். படப்பெட்டியையும் கொண்டு செல்லலாம். ஆனால் பழம் விழுவதைப் பிடிக்க விரும்பினால், விடியுமுன் எழுந்து போகவேண்டும். பனை நமக்காக நேரத்தை மாற்றிக்கொள்ளாது.