மெஷினுக்குக் கால் முளைத்தது

ஓய்வு பெற்ற ஆண்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டியதுதான். அது 200 கிலோ எடையிலா வர வேண்டும், நீங்களே சொல்லுங்கள்! எங்கள் வீட்டுக்காரர் தச்சு வேலைக்கென்று வாங்கிய இழைப்பு மெஷின், பின்கட்டையே அடைத்துக்கொண்டது. நகர்த்த வேண்டுமானால் இரண்டு ஆளும் ஒரு கடப்பாரையும் வேண்டும். அவருடைய இடுப்போ ஏற்கெனவே ஆபரேஷன் கண்ட இடுப்பு.

“சக்கரம் வைத்துவிடுங்களேன்” என்றேன்.

அதிலும் சூட்சுமம் இருக்கிறது. நாலு சக்கரம்தானே என்று எடையை நாலாகப் பங்கு போடக் கூடாது. நம் வீட்டுத் தரை எங்கே சமமாக இருக்கிறது? ஒன்று அந்தரத்தில் நின்றுவிட்டால் மற்ற மூன்றுதான் சுமக்கும். ஆகவே, ஒவ்வொன்றும் 70 கிலோவுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். மெஷினுக்கு நேர் அடியில் பொருத்தினாலோ, உயரம் கூடிச் சாயப் பார்க்கும். எங்கள் வெல்டிங் பட்டறைக்காரர் கெட்டிக்காரர். அகலமான இரும்புச் சட்டம் அடித்து, அதன் வெளி மூலைகளில் சக்கரங்களை மாட்டினார். திருகினால் தரையில் ஊன்றிக்கொள்ளும் கால்களும் வைத்தார். மெஷின் ஓடும்போது அந்தக் கால்களில்தான் நிற்க வேண்டும். பேரன் தள்ளினாலும் அசையாது.

இப்போது அப்பளம் உலர்த்தும் நாளில் திருகைத் தளர்த்தி நானே ஓரம் கட்டிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குனிந்து கீழ்ப்பாகத்தில் கை வைத்துத் தள்ளுங்கள். உச்சியைப் பிடித்துத் தள்ளினால் கவிழ்ந்துவிடும்.